இவ்வளவு உயரம்

பேரனைச் சேர்க்கப் போன பள்ளியில், ஓர் இளம் தாய் கையை அந்தரத்தில் நிறுத்தி, "என் பொண்ணு இவ்ளோ உயரம்" என்றாள். சின்ன வயதில் நான் பார்த்த இன்னொரு கை நினைவுக்கு வந்தது.

ஸ்ரீரங்கத்தில் என் அம்மா முதல் வகுப்பு ஆசிரியை. பள்ளி திறக்கும் ஜூனில், பிள்ளைகளை எங்கே சேர்க்கலாம் என்று கேட்க வெளியூர்ப் பெற்றோர் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். ஒருமுறை பச்சைமலையிலிருந்து ஒரு பெண் தனியே வந்தாள். அவளோடு ஈரமண் வாசனையும் உள்ளே வந்தது.

"டவுன் ஸ்கூல்ல ஹாஸ்டல் இருக்கு. எங்க ஸ்கூல்ல அது இல்ல, ஆனா பிள்ளைங்க கம்மி" என்றாள் அம்மா.

"எங்க விட்டா பயப்படாதுங்க டீச்சர்? தனியா இருந்தா அழும்."

"எவ்வளவு பெரிய பொண்ணு?"

அவள், அம்மாவை ஒட்டி நின்ற என் உச்சந்தலையில் கை வைத்தாள். "இவ்ளோதாங்க."

அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் அதே கேள்வியோடு வந்தாள். மூன்றாம் முறை அவள் கை என் காதருகே நின்றது. நான் வளர்ந்திருந்தேன், அவள் மகள் வளரவில்லை.

அம்மாவின் குரல் தாழ்ந்தது. "பொண்ணைக் கூட்டிட்டு வாங்களேன்."

"வந்திருக்குங்க. வாசல்ல நிக்குது. கூச்சம்."

வாசலில் வெயில் மட்டுமே இருந்தது. அம்மா அதையே வெகுநேரம் பார்த்தாள்.

"எங்கிட்டயே விட்டுட்டுப் போங்க. பக்கத்துலயே உக்கார வச்சுக்கறேன்."

அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள், பிறகு வரவேயில்லை. அந்த ஆண்டு முழுவதும், தன் நாற்காலியை ஒட்டிய இடத்தில் அம்மா எந்தக் குழந்தையையும் உட்காரவிடவில்லை.