நான் சொன்ன அறை எண்

ஹோட்டல் மேனேஜ்மென்ட் படித்தபோது, ஓசூரில் ஒரு ஹோட்டலின் வரவேற்பில் பயிற்சிக்கு இருந்தேன். ஒரு மதியம், கேக் பெட்டியோடு ஒருவர் வந்தார்.

"என் சம்சாரம் இங்கதான் தங்கியிருக்கா. அவளுக்குப் பொறந்தநாளு, சொல்லாம வந்திருக்கேன். எந்த ரூம்மா?"

அறை எண்ணை யாரிடமும் சொல்லக்கூடாது என்று படித்தவள்தான். ஆனாலும் அவர் சிரிப்பை நம்பிச் சொல்லிவிட்டேன்.

அவர் மாடியேறியதும் கேமரா திரையைப் பார்த்தேன். கதவைத் தட்டியவர், உள்ளிருந்து பார்க்கும் துளையை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். ஆள் யாரென்று தெரிந்தால் அந்தப் பெண் திறக்கமாட்டார் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. உடனே அறைக்குப் போன் செய்தேன்.

"அக்கா, கதவத் திறக்காதீங்க."

அந்தப் பெண், "அவரு வந்துட்டாரா?" என்றார்.

காவலாளிகள் அந்த ஆளை வெளியேற்றினார்கள். மாலையில் பின்வாசலில் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"இனி ஓசூர்லயும் இருக்க முடியாதும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் பத்திரமாக இருக்கிறாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. விசாரிக்கும் உரிமையும் எனக்கு இல்லை என்றே தோன்றுகிறது.