வீட்டுக்குள்ளே பெட்டியடித்த வருஷங்கள்

சவப்பெட்டி செய்கிறவன் வீட்டில் இருந்துகொண்டு வேலை பார்க்கக் கூடாது. ஆனால் நான் பார்த்தேன், முழுசாக நாலு வருஷம்.

அடுப்படியிலேயே பலகாரம் சுட்டு விற்கிறவர்கள், படுக்கிற இடத்திலேயே தையல் மிஷினை வைத்திருப்பவர்கள், வாசலிலேயே ஆள் உட்காரவைத்து முடி வெட்டுகிறவர்கள், உங்களுக்கெல்லாம் நான் பாதி சொன்னாலே மீதி தெரிந்துவிடும். சோற்றில் துணிநூல் கிடக்கும், முடி கிடக்கும். எங்கள் வீட்டுச் சோற்றில் மரத்தூள் கிடந்தது.

வேலை வீட்டுக்கு வந்த விதம்

ஜெர்மன் சண்டை முடிந்து அஞ்சாறு வருஷம் இருக்கும். மலாயாவில் சுங்கை சிப்புட்டிலிருந்து உள்ளே போனால் ஒரு ரப்பர் தோட்டம். அங்கே பால் வெட்டிக்கொண்டிருந்தேன். காற்றில் முறிந்த ஒரு கொப்பு முழங்காலில் விழுந்ததிலிருந்து மேடு ஏற முடியாமல் போயிற்று. ஊரில் கொஞ்சம் தச்சு வேலை பழகியிருந்தேன். அதைச் சொன்னதும் ரப்பர் ஷீட் அடைக்கிற பலகைப் பெட்டி செய்ய ஸ்டோரில் போட்டார்கள். சாதியில் நான் ஆசாரி இல்லை. உளியைப் பிடித்த நாளிலிருந்து தோட்டம் முழுக்க எனக்கு ஆசாரி என்றுதான் பேர்.

அந்தக் காலத்தில் குளிர்காய்ச்சல் ஆட்களை வாரிக்கொண்டு போனது. செத்தவர்களுக்கும் அதே ஸ்டோரில்தான் பெட்டி அடித்தேன். ஒருநாள் துரை வந்தபோது ரப்பர் பெட்டியும் சவப்பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அவருக்கு முகம் சுருங்கியது. கிராணியார், அதுதான் ஆபீசில் கணக்கெழுதுகிற ஐயா, என்னைக் கூப்பிட்டு, இனி சவப்பெட்டியெல்லாம் உன் வீட்டில் வைத்துச் செய், விடிகாலையில் பெரட்டுக்கு வந்து வரிசையில் நிற்க வேண்டாம் என்றார். பெரட்டு இல்லை என்றதும் உள்ளுக்குள் சந்தோஷந்தான். ஆனால் வீடு என்பது கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில் ஒரே ஓர் அறை, முன்னால் ஒரு குறுகல் நடை. "ஐயா, வீட்டுல பொம்பள இருக்கா" என்றேன். அவர் எழுதிக்கொண்டே, "நல்லதாப் போச்சு, பலகையப் பிடிக்க ஆளாச்சு" என்றார்.

அந்தப் பொம்பளை என் பெண்சாதி அஞ்சலை. கப்பலில் ரெண்டு பேராக வந்தோம். அதற்கப்புறமும் ரெண்டு பேர்தான். முதல் பெட்டியை நான் அறைக்குள் வைத்து அடித்து முடிக்கும்வரை அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பிறகு உள்ளே வந்து மரத்தூளைக் கூட்டிக்கொண்டே சொன்னாள்: "வயித்துப்பாடு, ஒன்னும் சொல்ல மாட்டேன். ஆனா எனக்கு வந்தா வேற யாரையாவது வச்சி செய்யச் சொல்லுங்க. நாம படுக்கிற எடத்துல எம் பெட்டிய அடிக்காதீங்க."

சரி என்றேன். கையில் அடித்துச் சத்தியமும் செய்தேன்.

எழுத்துப் பலகை

பலகை புதுசாகத் தரமாட்டார்கள். ஸ்டோரில் உடைந்துபோன ரப்பர் பெட்டிகளைப் பிரித்து அந்தப் பலகையைத்தான் தருவார்கள். ரெண்டு மூன்றைச் சேர்த்தால் ஓர் ஆள் நீளம் வரும். அதில் கறுப்பு மையில் ஏதேதோ எழுதியிருக்கும். எனக்கு இங்கிலீஷும் தெரியாது, தமிழும் எழுத்துக்கூட்டித்தான். எந்தப் பக்கம் வெளியே இருக்கிறது என்று பார்க்காமல் அடித்துவிடுவேன்.

கடைசி லயத்தில் ஒரு பெரியவர் செத்தார். சாகிற நாள்வரை ஊருக்குப் போகணும், ஊருக்குப் போகணும் என்று அரற்றியவர். பெட்டியைத் தூக்குகிற நேரத்தில் அவருடைய மருமகன் முறைக்காரர் ஒருவர் பக்கவாட்டில் இருந்த எழுத்தைத் தடவிப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். கிராணியார் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, லண்டன் என்று போட்டிருக்கிறது என்றார். அதற்குப் பிறகு நான் எழுத்துப் பக்கத்தை உள்ளே திருப்பித்தான் அடித்தேன். அன்றைக்கு அந்த மருமகன் பெட்டியின் மேல் கையை வைத்து, பெரியவரிடமே பேசுகிற மாதிரி சொன்னார்: "ஊருக்குக் கப்பல் ஏறணும்னு அழுதியே மாமா. கெடச்ச கப்பல் லண்டனுக்கில்ல போவுது."

வராத விருந்தாளிகள்

வீட்டு வேலையில் லாபமே இல்லை என்று சொல்லமாட்டேன். எங்கள் வீட்டுக்கு யாரும் உப்பு இரவல் கேட்டு வரவில்லை. கள்ளுக் குடித்துவிட்டு யாரும் எங்கள் நடையில் வந்து உருளவில்லை. எல்லா வீட்டு வாசலிலும் நின்று பெண்பிள்ளைகளிடம் பல்லிளிக்கிற கங்காணி எங்கள் வாசலை மட்டும் தலையைக் குனிந்துகொண்டு கடப்பான். பொங்கலுக்கும் யாரும் வரவில்லை. அஞ்சலை வைத்த பொங்கலை நாங்களே ரெண்டு நாள் தின்றோம்.

வந்தவள் ஒருத்திதான், பக்கத்து அறைப் பச்சையம்மா. முத்துசாமியின் பெண்சாதி. வாய்க்காரி. அவளும் அஞ்சலையும் ஒரு பலகையை ஆளுக்கு ஒரு முனையாகத் தலையில் வைத்து ஸ்டோரிலிருந்து தூக்கி வருவார்கள். அந்தப் பலகையில் ஒரு குண்டை வைத்தால் உருளாது, ரெண்டு பேரும் அப்படி ஓர் உயரம். இழைத்துத் தள்ளிய மரச்சுருளில் அடுப்பு மூட்ட அஞ்சலைக்கு மனசு வராது. காட்டில் போய் ஈர விறகு பொறுக்கிக்கொண்டு வந்து ஊதி ஊதி இருமுவாள். பச்சையம்மா மடி நிறையச் சுருளை வாரிக்கொண்டு போவாள். ஒருநாள் அஞ்சலை அவள் கையைப் பிடித்து, அது இன்னாருடைய பெட்டிச் சுருள் என்று சொல்ல வந்தாள். பச்சையம்மா கையை உதறிக்கொண்டாள்: "பேரைச் சொல்லாத அக்கா. பேரு தெரியாத வரைக்கும் வெறகு, தெரிஞ்சிட்டா சோறு வேகாது."

எழுந்து வந்தவன்

ஆஸ்பத்திரி மூன்று மைல் தள்ளி, நாலு தோட்டத்துக்கும் சேர்த்து ஒன்று; அங்கே சாகிறவர்களுக்கெல்லாம் பெட்டி நான்தான். அதைப் பார்த்துக்கொண்டது மருந்து கொடுத்துக் கட்டுப்போடுகிற யாழ்ப்பாணத்து டிரஸ்ஸர் ஐயா ஒருவர்தான். மனுஷன் தூங்கி நான் பார்த்ததில்லை. இந்த வெயிலுக்குப் பிணம் தாங்காது என்று, ஆள் இனிப் பிழைக்காது என்று தெரிந்ததுமே உயரத்துக்கு ஒரு சணல்கயிற்றை அளந்து, ரெண்டு முனையிலும் முடிச்சுப் போட்டு மாட்டுவண்டிக்காரனிடம் கொடுத்துவிடுவார். வண்டிக்காரன் என் வாசல் ஆணியில் அதை மாட்டிவிட்டுப் பேரைச் சொல்லிப் போவான்.

ஒருமுறை சின்னையா என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தச் சேதி எனக்கு முன்னால் சின்னையா வீட்டுக்குப் போய்விட்டது. அவன் பெண்சாதி வளையலை உடைத்து, தாலியையும் கழற்றிவிட்டாள். மூன்றாம் நாள் சின்னையா ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு நடந்தே வந்தான். கோயிலில் மறுபடியும் தாலி கட்டினார்கள். மாலையும் கழுத்துமாக நேரே என் வீட்டுக்கு வந்தவன், தன் பெட்டியைப் பார்க்கணும் என்றான். தட்டிப் பார்த்தான், குனிந்து மோந்தும் பார்த்தான். "கால்மாட்டுல இடிக்கும் போலருக்கே ஆசாரி" என்று சிரித்தான். அவன் பெண்சாதி சிரிக்கவில்லை.

அந்த வாரமே டிரஸ்ஸர் ஐயா என்னை அழைத்துப் புதுச் சட்டம் போட்டார்: "இனிமேல் கயிறு மட்டுந்தான் வரும், பேர் வராது. பேரைப் பிறகு அறிஞ்சு கொள்ளலாம், அதுக்கென்ன அவசரம்."

எண்ணுகிற காது

லயத்தில் அறைக்கும் அறைக்கும் நடுவில் வெறும் பலகைதான். நான் சுத்தியலை எடுத்தால் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பேச்சு நின்றுவிடும். எல்லோரும் ஆணியை எண்ணுவார்கள். பெரிய ஆளுக்கு இத்தனை, சின்னப்பிள்ளைக்கு அதில் பாதி. சட்டியைக் கழுவிக்கொண்டே எண்ணுவார்கள், பேன் பார்த்துக்கொண்டே எண்ணுவார்கள்.

மூன்றாவது அறையில் ராமாயி என்று ஒருத்தி. அவள் மகள், நாலு வயசு, ஆஸ்பத்திரியில் கிடந்தது. ஒருநாள் காலையில் ரொம்பச் சின்னக் கயிறு வந்தது. அன்றைக்கு நாலு தோட்டத்திலும் எத்தனை பிள்ளைகள் கிடந்தார்களோ, நமக்கென்ன தெரியும். ஆனாலும் ராமாயி கேட்டுக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். பெட்டிக்கு உள்ள ஆணியை அடித்து முடித்ததும், பக்கத்தில் கிடந்த ஒரு கட்டையை இழுத்து வைத்து இன்னும் அத்தனை ஆணி அதில் அடித்தேன், பெரிய ஆள் கணக்கு வரட்டும் என்று. நிமிர்ந்தால் வாசலில் ராமாயி நிற்கிறாள். அழவில்லை. என்மேல் கோபமும் இல்லை. "பெட்டியில அடிச்சா முழங்கும், கட்டையில அடிச்சா முழங்காது. எங்களுக்குத் தெரியாதாண்ணே."

ஒரே உயரம்

நாலாவது வருஷம் மழைக்காலத்தில் அஞ்சலைக்குக் காய்ச்சல் கண்டது. ரெண்டு நாள் கழித்துப் பச்சையம்மாவுக்கும். ஒரே வண்டியில் ஏற்றினார்கள். குளிரில் பல் அடித்துக்கொள்ள, பச்சையம்மா வண்டிக்குள்ளிருந்து, "ரெண்டு வீட்டு ஆம்பளையும் இனி சோறு பொங்கிப் பாக்கட்டும்" என்று கத்திக்கொண்டே போனாள்.

ஆறாம் நாள் காலை. நான் கிணற்றடியிலிருந்து வருகிறேன், ஆணியில் கயிறு தொங்குகிறது. வண்டி திருப்பத்தில் மறைந்துவிட்டது. எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அஞ்சலையின் பாய் விரித்தபடியே கிடந்தது. தலைமாட்டில் எண்ணெய்க் கறை, கால்மாட்டில் குதிகால் பட்டுத் தேய்ந்த இடம். கயிற்றை அதன்மேல் நீட்டினேன். ஒரு முடிச்சு கறையில் இருந்தது, மற்ற முடிச்சு தேய்மானத்தில் இருந்தது.

ஓடிப்போய்ப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். இந்தக் காலை வைத்துக்கொண்டு மூன்று மைல் ஓட முடியாது. அதுவுமில்லாமல், ஓடினால் தெரிந்துபோய்விடும். மத்தியானம் வண்டி திரும்பி வரும்போது பெட்டி தயாராக இருக்கணும். பலகைகளை எல்லாம் அறையிலிருந்து வெளியே இழுத்து நடையில் போட்டேன். சாரல் முழுக்க என்மேல் அடித்தது. பலகை வழுக்கியது, ரம்பம் தாவியது.

சத்தம் கேட்டு முத்துசாமி எட்டிப் பார்த்தான். ஈரத்தில் அறுப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"உள்ள வச்சி அறுக்கலாமில்ல ஆசாரி."

"இன்னைக்கு உள்ள வேணாம்."

"யாருக்குன்னு சொன்னானா?"

"கயித்துக்குத்தான் பேரு கெடையாதே."

அவன் கயிற்றைக் கையில் எடுத்தான். ஒரு முடிச்சைக் காலால் மிதித்து, மற்றதை உயர்த்தி நெஞ்சுக்கு நேரே பிடித்துப் பார்த்தான். பெண்சாதியின் தலை தன் நெஞ்சில் எங்கே வரும் என்று அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். கயிற்றைச் சுருட்டி என்னிடம் கொடுத்தான். உள்ளே போய்த் தன் கோணிச்சாக்கைக் கொண்டுவந்து எனக்கு மேலே கட்டினான். பிறகு பலகையின் அந்த முனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். நான் அறுத்தேன், அவன் பிடித்தான். நான் ஆணியை வைத்தேன், அவன் பலகை நகராமல் அழுத்தினான். லயத்தில் யாரும் வெளியே வரவில்லை. எல்லோரும் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

வண்டியில் பெட்டியை ஏற்றிவிட்டு ரெண்டு பேரும் பின்னாலேயே நடந்தோம். வண்டிக்காரன் எங்களைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் முத்துசாமி நின்று எனக்கு வழி விட்டான். நீ போ என்று நான் அவனுக்கு வழி விட்டேன். கடைசியில் ஒன்றாகத்தான் நுழைந்தோம். ஜன்னலோரக் கட்டிலில் அஞ்சலை உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் எலும்பு. ரெண்டு கையாலும் கஞ்சிக் கிண்ணத்தைப் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டிலில் தலையையும் சேர்த்துப் போர்த்தியிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல் தெரிகிற சிரிப்பு. அடக்க நினைப்பதற்குள் முகத்தில் ஏறிவிட்டது. சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். முத்துசாமி என் தோளில் கையைப் போட்டான், அந்தக் கையில் இன்னும் மரத்தூள் ஒட்டியிருந்தது. மெதுவாகத்தான் சொன்னான்: "மொகத்த ஏன் திருப்பிக்கிற ஆசாரி, சிரிச்சிக்க. எனக்கு அந்த ஜன்னல் கட்டிலு கெடச்சிருந்தா நானும் சிரிச்சிருப்பேன்."

ஆகவே வீட்டிலேயே தொழில் வைத்திருப்பவர்களே, பெரட்டு கிடையாது, கங்காணி வாயில் விழ வேண்டாம், எல்லாம் சௌகரியந்தான். அப்பாடா, வேலை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்று எழுந்தால் மட்டும் போவதற்கு இடம் இருக்காது.