கசந்தால் விஷமில்லை

எங்கள் பக்கத்தில் வயலில் யாரையாவது பாம்பு கடித்தால் முதலில் வேப்பிலை ஒடிப்பார்கள். மென்றால் கசக்க வேண்டும். கசந்தால் விஷம் ஏறவில்லை, இனித்தால் ஏறிவிட்டது. இனித்தால்தான் ஆஸ்பத்திரிப் பேச்சே வரும். நானும் அதை நம்பித்தான் வளர்ந்தேன்.

எண்பதுகளின் நடுவில், மம்சாபுரத்துக்கு மேற்கே ஒரு வயலில் நானும் அக்காவும் நெல் அறுப்புக்குப் போயிருந்தோம். காலை பத்து மணி இருக்கும். கதிர்க்கட்டைத் தூக்க அடியில் கைவிட்ட அக்கா, "ஆத்தாடி" என்று கையை உதறினாள். வரப்போரம் ஏதோ நெளிந்து போனது. மணிக்கட்டுக்கு மேலே இரண்டு புள்ளியாக ரத்தம்.

எங்களை வேலைக்குக் கூட்டிப்போகிறவரை எல்லோரும் அண்ணாச்சி என்போம். அவர்தான் வாய்க்கால் மேட்டு வேம்பில் ஒரு கொத்து ஒடித்து வந்தார்.

"மெல்லு. கசக்குதா, இனிக்குதா?"

அக்கா முகத்தைச் சுளித்தாள். "கசக்குது அண்ணாச்சி."

"நல்லா மென்னு சொல்லு."

"கொமட்டுதுங்கேன்."

"அப்பச் சரி. தண்ணிப்பாம்பா இருக்கும். செத்த நேரம் நெழல்ல உக்காரு, பொறவு வந்து அறு."

பக்கத்தில் அறுத்துக்கொண்டிருந்தவள் வரப்பைப் பார்த்துக் கத்தினாள்: "ஏலே பாம்பு, என்னையும் ஒரு கடி கடிச்சிட்டுப் போலே. நானும் செத்த உக்காந்துக்கிடுதேன்." எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் கொண்டுபோனேன். அக்காவின் இமைகள் பாதி இறங்கியிருந்தன. "ஏட்டி, நீ எனக்கு ரெண்டாத் தெரியுத" என்றாள். வார்த்தை குழறியது.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று எனக்குப் பட்டது. ஆனால் அதை அண்ணாச்சியிடம் போய்ச் சொல்ல வேண்டுமே. எட்டாவது வரை படித்தேன். வகுப்பில் "உள்ளேன் ஐயா" என்பதுகூட எனக்குச் சத்தமாக வராது. அவர் மாட்டுவண்டிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். பேச்சு முடியட்டும் என்று முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றேன். அவராகத் திரும்பி, "என்னட்டி?" என்றார்.

"அக்காவுக்குக் கண்ணு சொருகுது."

"வெயிலு. கசந்துச்சுல்ல?"

"கசந்துச்சு."

"பொறவென்ன?"

நான் போய் அரிவாளை எடுத்தேன்.

மத்தியானம் கஞ்சி குடிக்க வைத்தபோது அவளால் விழுங்க முடியவில்லை. வாயோரமாக வழிந்தது. அதற்குப் பிறகுதான் வண்டி கட்டினார்கள். ரோட்டுக்கு வந்து, பஸ்ஸுக்குக் காத்திருந்து, ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து சேருமுன்பே என் மடியில் அவள் மூச்சு நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்தார். எப்போது கடித்தது என்று கேட்டார். சொன்னேன். "பத்து மணிக்குக் கடிச்சவளை இப்பக் கொண்டு வாறீங்களே. ஊசி இங்கேதானம்மா இருந்துச்சு" என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

அக்காவை எடுத்து எட்டு நாள் கழித்து அதே வயலில் மிச்ச அறுப்புக்குப் போனேன். வேம்பில் ஒடித்த இடம் அப்படியே இருந்தது.

பத்து வருஷத்துக்கு மேல் ஆகி, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சுகாதாரத்துறைக்காரர்கள் ஒரு கூட்டம் போட்டார்கள். ஒரு நர்ஸம்மா படம் காட்டிப் பேசினார். கதிர்க்கட்டைத் தூக்குமுன் கம்பால் தட்டுங்கள். கடித்தால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், நேரே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். வேப்பிலை எதையும் காட்டாது, விஷம் ஏறினாலும் கசக்கத்தான் செய்யும் என்றார். ஆண்கள் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. "எங்க அக்காவுக்குக் கசந்துச்சு" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. அண்ணாச்சிக்கு அப்போது தலை முழுக்க நரைத்திருந்தது. உட்கார்ந்தபடியே சொன்னார்: "பாவம், பயத்துல மாத்திச் சொல்லியிருப்பா. அவளுக்கு இனிச்சிருக்கும்." நாலைந்து பேர் தலையாட்டினார்கள்.

அக்கா முகத்தைச் சுளித்ததை நான் பார்த்தேன். அவரும் பார்த்தார். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் டீ வந்துவிட்டது என்று எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அவர் எனக்கும் ஒரு கிளாஸ் எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.