கொண்டிக்கு ஓட்டு

எங்க ஸ்கூல் எலக்‌ஷன்ல ஒரு தடவ கதவுத் தாழ்ப்பாள் நின்னுச்சு. தானா எங்க நிக்கும், நாங்கதான் நிக்க வச்சோம். அதுக்கு யார் யாரு ஓட்டுப் போட்டாங்க, எதுக்குப் போட்டாங்கன்னு எனக்கு இன்னும் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. காலேஜ் முடிச்சும் விட மாட்டேங்குது. அதான் டைப் பண்ணித் தொலைக்கிறேன்.

அப்ப நாங்க டென்த். ஸ்கூல் விஜயநகர்ல, சுத்தி எல்லாம் கன்னடம் பேசற ஊரு. ஸ்கூல் தொறந்து கொஞ்ச நாள்ல எஸ்.பி.எல். எலக்‌ஷன் வரும், அதாவது ஸ்கூல் பியூப்பிள் லீடர். யார் நிக்கணும்னு மிஸ்ஸுங்க ஸ்டாஃப் ரூம்லயே முடிவு பண்ணிடுவாங்க. நாம வெள்ளைச் சீட்டுல அந்த ரெண்டு பேர்ல ஒரு பேர எழுதி டப்பாவுல போடணும். ஜனநாயகம் முடிஞ்சுது, கிளாஸுக்குப் போ.

எங்க மாடியில கேர்ள்ஸ் டாய்லெட்ல ஒரு கதவுக்கும் தாழ்ப்பாள் கெடயாது. ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளிய நின்னு கதவப் புடிச்சுக்கணும். ஆள் கெடைக்கலன்னா ஒரு கால நீட்டி உள்ள இருந்தே முட்டுக் குடுக்கணும். எனக்குக் கால் நீளம், எப்படியோ சமாளிச்சுடுவேன். என் பெஞ்ச்மேட் குள்ளம். அவளுக்கு எட்டாது.

நான்தான் கூடப் போய் கதவப் புடிச்சுப்பேன், ஆனா சும்மா சும்மா என்னை எழுப்பக் கூச்சப்பட்டு அவ தண்ணியே குடிக்க மாட்டா. காலைல ஹெப்பாள்ல இருந்து பஸ்ல வரும்போது பாட்டில் ஃபுல்லு, சாயங்காலம் போகும்போதும் ஃபுல்லு. ரெண்டு தடவ இன்ஃபெக்‌ஷன் வந்து காய்ச்சல்ல படுத்துட்டா. அவங்கம்மா நர்ஸு. ஸ்கூலுக்கே வந்து கேட்டாங்க. ஆஃபீஸ்ல, "தசரா லீவுல போட்டுடலாம்மா"ன்னு சிரிச்சுட்டே அனுப்பிட்டாங்க. அன்னிக்கு வீட்ல முடிவா சொல்லிட்டாங்களாம், இன்னொரு தடவ காய்ச்சல் வந்தா டி.சி. வாங்கி ஹெப்பாள்லயே ஒரு ஸ்கூல்ல போட்டுடுவேன்னு.

"டென்த்ல போயி யாருடி ஸ்கூல் மாத்துவாங்க?"ன்னு கேட்டேன்.

"எங்கம்மாவ உனக்குத் தெரியாது. ஊசி போடறேன்னா போட்டுடுவாங்க."

கிளாஸ்லயே நான் தமிழ் பேசறது இவ ஒருத்திகிட்டதான். இவ போயிட்டா நான் யாரத் திட்டறது?

அசெம்பிளில ரெண்டு கேண்டிடேட்டும் பேசுனாங்க. ஒரு பையன் டிசிப்ளின்னான், ஒரு பொண்ணு க்ளீன் கேம்பஸ்ஸுன்னா. எனி க்வெஸ்டியன்ஸ்னு கேட்டதும் நான் கையத் தூக்கிட்டேன். "கேர்ள்ஸ் டாய்லெட்டுக்கு போல்ட் எப்ப போடுவீங்க?" பையன் முழிச்சான். பி.டி. சார் மைக்கப் புடுங்கிட்டாரு. "ஸ்டேஜ்ல கேக்கற விஷயமாம்மா இது? கூத்கோ!" உக்காருன்னு சொன்ன வேகத்துல மைக்கே கீச்சுன்னுச்சு. பசங்க சிரிச்சாங்க. என் பெஞ்ச்மேட் தலையே தூக்கல.

லஞ்ச்ல டிஃபன் பாக்ஸத் தொறந்துட்டே கேட்டா, "யாருக்குடி போடப் போற?"

"ரெண்டும் வேஸ்ட் கணே." கணேன்னா கன்னடத்துல 'டி'. " பேசாம கொண்டிக்கே ஓட்டுப் போட்டுடலாம்."

"எதுக்கு?"

"கொண்டிக்கு. கதவுக்குப் போடுவாங்கல்ல."

"ஓ, தாழ்ப்பாளா! கன்னடத்துல கொண்டின்னு சொல்லுவாங்களா அத?"

"ஆமா."

ஆமான்னு அடிச்சு விட்டேன் பாருங்க, அங்கதான் கதையே. எங்கப்பா மார்டள்ளிக்காரர், கன்னட ஊருங்களுக்கு நடுவுல இருக்கற தமிழ் ஊரு அது. எங்க வீட்ல வெளிய கெளம்புனாலே "கொண்டி போட்டியா?"தான். எங்க வீட்டுத் தமிழ்ல பாதி வார்த்த கன்னடத்துலயும் ஓடும், அதனால எது எந்த பாஷைன்னு நான் யோசிச்சதே இல்ல. இது கன்னடம்னே நெனச்சுட்டேன். அவ வீட்ல தாழ்ப்பாள்தான். என் கன்னடம் அவளோடத விட பெட்டரு, அதனால அவளும் நம்பிட்டா.

நம்ம எஸ்.பி.எல். கொண்டி, சீட்டுல எழுதுங்கன்னு கன்னடத்துல துண்டுச் சீட்டு எழுதி பெஞ்சுக்கு அடியில தள்ளி விட்டோம். கேர்ள்ஸுக்கு டாய்லெட்லயே கதவ ஆட்டிக் காட்டி நேர்ல சொல்லிட்டோம். அவளுகளுக்கு டக்குன்னு புரிஞ்சுடுச்சு. பாய்ஸுக்குப் போனது வெறும் சீட்டு மட்டும்தான். அவங்க ஒருத்தனாவது போடுவான்னே நான் நெனைக்கல.

எலக்‌ஷன் முடிஞ்சுது. ரிசல்ட்டே வரல. மறுநாள் எங்க கிளாஸ் மிஸ் செவந்த மூஞ்சியோட வந்து நின்னாங்க. "தேள் படம் வரைஞ்சது யாரு?"

தேளா? நானும் அவளும் ஒருத்தர ஒருத்தர் பாத்தோம். என்ன தேளு?

மிஸ் போனதும் கடைசி பெஞ்ச் பையன் ஒருத்தனப் புடிச்சேன். "யேய், எதுக்குடா தேள் படம்?"

"நீதானே கணே எழுதச் சொன்ன, கொண்டின்னு? கொண்டின்னா தேள் கொடுக்கு. சிலர் பேர் எழுதுனோம், சிலர் படமே போட்டுட்டோம்."

"லூசு, கொண்டின்னா கதவுக்குப் போடறது!"

"அது சிலக. எந்த ஊர்க்காரி நீ?"

"அது கெடக்கட்டும். தேளுக்கு எதுக்குடா ஓட்டுப் போட்டீங்க?"

அவன் என்னமோ நான்தான் லூசுங்கற மாதிரி பாத்தான். "அந்த ரெண்டு பேருக்கு தேள் எவ்வளவோ மேல், அல்வா?"

அல்வான்னா, இல்லயான்னு அர்த்தம்.

அதுக்குள்ள கதை கைய விட்டுப் போயிடுச்சு. சின்ன கிளாஸ் புள்ளைங்க காதுல ஒரு பக்கம் கேர்ள்ஸ் டாய்லெட்டுன்னு விழுந்திருக்கு, இன்னொரு பக்கம் தேளுன்னு விழுந்திருக்கு. ரெண்டையும் ஒட்டி வீட்ல போய் சொல்லிடுச்சுங்க. பேரண்ட்ஸ் வாட்ஸ்அப் குரூப்பு பத்திக்கிச்சு: டாய்லெட்ல தேள், மேனேஜ்மென்ட் என்ன பண்ணுது? நர்ஸம்மா நேர்ல வந்து கெஞ்சுனப்ப அசையாத ஸ்கூலு, இல்லாத தேளுக்கு மறுநாளே அலறி எந்திரிச்சுது. பிரின்சிபல் மேடமே டார்ச்சோட மாடி ஏறுனாங்க. பின்னாடியே மருந்தடிக்கிற ஆளுங்க. கூடவே ஒரு கார்பெண்டர்.

சாயங்காலம் போய்ப் பாத்தா எல்லாக் கதவுலயும் புதுக் கொண்டி பளபளங்குது.

எல்லாம் வெளிப்பக்கம்.

தேள் வெளிய வந்துடக் கூடாதாம்.

நான் வயித்தப் புடிச்சுட்டு சிரிச்சேன். "இப்ப நம்மள உள்ள வச்சு பூட்டலாம்டி!" அவ சிரிக்கல. அந்தக் கொண்டிய ஒரு தடவ இழுத்துப் பாத்தா. அப்புறம் திரும்பி படிக்கட்டுல விறுவிறுன்னு எறங்கிட்டா. வாயத் தொறந்தா காத்து மட்டும் வர்ற புள்ள, நேரா பிரின்சிபல் ரூமுக்குள்ள போயிட்டா. நான் பின்னாடியே ஓடுனேன்.

"மேடம், கொண்டி வெளிய இருக்கு. உள்ள வேணும்"னு தட்டுத் தடுமாறி கன்னடத்துல சொன்னா.

மேடம் சேர்ல இருந்து எந்திரிச்சுட்டாங்க. "வெளிய வந்துடுச்சா? எங்க? எத்தன இருக்கு?"

"ஐயோ, இல்ல மேடம்." அவளுக்குக் கன்னட வார்த்த வரல. நானும் சொல்லல, அந்த நேரம் பாத்து சிலகங்கறது எனக்கு மறந்தே போச்சு. அவ சுத்தும் முத்தும் பாத்தா. பட்டுன்னு போய் பிரின்சிபல் ரூம் கதவ சாத்தி உள்ள இருந்து தாழ்ப்பாளப் போட்டா. டக்.

"இது மேடம். இதுதான் கொண்டி."

ரூமுக்குள்ள நாங்க மூணு பேரும் மாட்டிக்கிட்டோம். மேடம் தாழ்ப்பாளப் பாத்தாங்க, அவளப் பாத்தாங்க, பீரோ மேல இருந்த ஓட்டு டப்பாவப் பாத்தாங்க.

"டப்பா பூரா எழுதியிருக்கறது இதுவா? தேள் இல்லயா?"

"தேளே இல்ல மேடம்."

"யாரு வேல இது?"

"நான்தான் மேடம், வார்த்தயத் தப்பாச் சொல்லிட்டேன்"னேன். இன்னிக்கு டி.சி. எனக்குத்தான்னு நெனச்சேன். மேடம், கன்னட கிளாஸ்ல மக்குப் புள்ளைக்குச் சொல்லித் தர்ற மாதிரி நிறுத்தி நிறுத்தி சொன்னாங்க: "கொண்டி இல்லம்மா. சி-ல-க. சொல்லு."

"சிலக."

"ம். இப்ப அந்த சிலகத்தத் தொறங்க, என்னை வெளிய விடுங்க."

மறுநாள் கார்பெண்டர் திரும்ப வந்து உள்பக்கமும் ஒண்ணொண்ணு மாட்டுனாரு. வெளிய மாட்டுனத யாரும் கழட்டச் சொல்லல போல, அதுவும் அப்படியே நின்னுடுச்சு. டிசிப்ளின் பையன்தான் எஸ்.பி.எல்.னு அசெம்பிளில அறிவிச்சாங்க. எத்தன ஓட்டுன்னு மட்டும் சொல்லல. கொண்டி ஜெயிச்சிருக்குமா? ஜெயிச்சிருந்தா தாழ்ப்பாளா, தேளா? அந்தப் பசங்களுக்கு நெஜமாவே விஷயம் தெரியாதா, இல்ல தெரிஞ்சும் தெரியாத மாதிரி தேள வரைஞ்சு விட்டாங்களா? கடைசி பெஞ்ச்காரன இப்பவும் எப்பவாவது பாப்பேன். கேட்டா சிரிக்கிறான், அவ்வளவுதான்.

கார்பெண்டர் வந்துட்டுப் போன மறுநாள் மேத்ஸ் பீரியட்ல பக்கத்துல கடகடன்னு சத்தம். திரும்பிப் பாத்தா என் பெஞ்ச்மேட் தலைய அண்ணாந்து தண்ணி குடிச்சுட்டிருக்கா, பாட்டில் காலியாகற வரைக்கும். கொஞ்ச நேரத்துல கையத் தூக்கி, "மிஸ், டாய்லெட்"னா. பழக்க தோஷத்துல நானும் அவகூட எந்திரிச்சுட்டேன்.

"நீ எதுக்குடி வர்ற?"ன்னா.

உக்காந்துட்டேன்.