யாரும் வாங்காத சிம்

வரப்பில் நடந்துகொண்டே இரண்டு கைகளிலும் இரண்டு போன்களைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருக்கிறார் வானதி. மணி காலை ஆறே முக்கால். தைமாதப் பனி விலகவில்லை. விளைந்த சம்பா நெல் தலைசாய்ந்து அதற்குள் கிடக்கிறது. பத்தடிக்கு ஒருமுறை நின்று, கையை இறக்கி, இரண்டு திரைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்து, வலது கைப் போனிடம் ஏதோ முணுமுணுக்கிறார். மறுபடி கைகள் மேலே போகின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் யாரிடமோ சரணடைகிறார் என்றுதான் தோன்றும்.

"ஆறே முக்காலுக்கு முகூர்த்தம்னா ஆறே முக்காலுக்குத்தான் வந்து பாக்கணும் சார். சாயங்காலம் பாத்துட்டுப் போனா, காலையில அது வேற ஆளா இருக்கும்" என்றார், பின்னாலேயே நடந்த என்னிடம். 'அது' என்றால் சிக்னல். அடுத்த புதன்கிழமை இந்த வயலை ஒட்டிய வீட்டில் கல்யாணம். அதைப் படம்பிடித்து அந்த நிமிஷமே கடல் தாண்டி அனுப்புவது வானதியின் வேலை.

நீடாமங்கலம் கடைத்தெருவில் அவருக்கு ஒரு ஸ்டூடியோ இருக்கிறது. நாலு பேர் நுழைந்தால் ஐந்தாவது ஆள் வாசலில் நிற்கவேண்டும். வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கிற பகுதி இது என்பதால், லீவு கிடைக்காதவர்களுக்காகக் கல்யாணங்களை நேரலையில் காட்டப் பழகிக்கொண்டார். கடைக்கு ஃபைபர் இணைப்பு உண்டு. என்ன செய்ய, கல்யாணம் கடைக்கு வராதே. அதனால் ஒவ்வோர் ஊருக்கும் எந்தக் கம்பெனி சிம்மை நம்பிப் போவது என்பதே அவருடைய ஓயாத கவலை. கம்பெனிகளுக்குப் பட்டப்பெயரும் வைத்திருக்கிறார். வேகமாகப் பாய்கிறவன் 'மைனர்'. நிதானமாக நகர்கிறவர் 'பெரியவர்'. வயலில் இரண்டு கைகளிலும் இருந்தது இவர்கள்தான். மூன்றாவதாக ஒன்று உண்டு. பெயர் வைக்கிற அளவுக்கு அது எங்கேயும் கிடைத்ததில்லையாம்.

பேசிக்கொண்டே இருப்பவர் திடீரென்று நின்று வெறும் காற்றைப் பார்ப்பார். அங்கே என்ன என்று கேட்டால், "இப்ப ஒரு கல்யாணம் நம்ம தலைக்கு மேல போயிட்டிருக்கும் சார்" என்பார். அதற்குப் பிறகு எனக்கும் அந்தப் பனிக்குள் யாரோ போவதும் வருவதுமாகவே இருந்தது.

ஆனால் போன ஆவணியில் திருவிடைமருதூர்ப் பக்கம் அவர் பட்டது கனவில்லை. ஒரு வாரம் முன்பு போய்ப் பார்த்தபோது மைனர் பறந்தான். முகூர்த்த நேரத்தில் முந்நூறு பேர் போனைத் தூக்கிப் படம் அனுப்ப ஆரம்பித்ததும் படுத்துவிட்டான். "பொண்ணோட அண்ணன் துபாய்ல உக்காந்து சுத்துற வட்டத்தைத்தான் பாத்திருக்கான் சார்." அந்தச் செய்தி பரவி, வரவேண்டிய நான்கு கல்யாணங்கள் கைநழுவின. இதுவும் போனால் பாஸ்போர்ட் போட்டோ எடுத்துக்கொண்டு உட்காரவேண்டியதுதான் என்று சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

இந்த முறை பார்க்கப்போகிறவர் பெண்ணின் அப்பா, வீரையன். சிங்கப்பூரில் கிரேன் ஓட்டுகிறார். ஒரே மகள் பிரகதீஸ்வரி. கேட்ட லீவு கிடைக்கவில்லை; வேலைக்கு நடுவே அரைமணி நேரம் மட்டும் சூப்பர்வைசர் விட்டுக்கொடுத்திருக்கிறார்.

வயலிலிருந்து கடைக்குத் திரும்பினால், மைனர் கம்பெனியின் ஏஜெண்ட் சித்தீக் காத்திருந்தார். வியாபாரிகளுக்கென்று வருஷ பிளான் வந்திருக்கிறதாம். எவ்வளவு பெரிய படமும் கண்மூடித் திறப்பதற்குள் இறங்கிவிடுமாம். வானதி பொறுமையாகக் கேட்டார்.

"இங்க வந்து இறங்குற வேகம் எனக்கு எதுக்கு தம்பி? இங்கேருந்து போற வேகத்தச் சொல்லுங்க. வாய்க்கால் மட்டும் இருந்தாப் போதுமா, வடிகால் வேணாமா?"

சித்தீக் அந்தக் கணக்கையும் சொன்னார், குறையொன்றும் இல்லை. கல்யாண ஊரில் யார் யார் இந்த சிம் வைத்திருக்கிறார்கள் என்று வானதி அடுத்து விசாரித்தார். ஊரே நம்மதுதான் என்று சித்தீக் பூரித்துப் போனார். பெரியவர் சிம்?

"அத அங்க யாரும் வாங்குறதில்லக்கா."

வானதி அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு, இரண்டு கடை தள்ளிப் போய்ப் பெரியவர் சிம் இன்னொன்று வாங்கிவந்தார். நல்ல பிள்ளையான சித்தீக், எங்கே தப்பு நடந்தது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கலாம்.

அப்படியும் வானதிக்கு நிம்மதியில்லை. கல்யாணத்துக்கு முதல்நாள் இரவுச் சாப்பாட்டில், சாம்பார் வாளிக்குப் பின்னாலேயே பந்தி பந்தியாகப் போய், நீங்க என்ன சிம், நீங்க என்ன சிம் என்று கேட்டார். நூற்றிருபது பேரில் பெரியவர் இரண்டே பேரிடம். அதில் ஒருவர் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.

பெரியவரை நம்பினால் ஒரு நஷ்டம் உண்டு: படத்தின் துல்லியத்தைக் குறைக்கவேண்டும். பட்டுப்புடவையின் ஜரிகை தெரியாது. பெண்ணின் அம்மா மங்களாம்பிகை இதைக் கேட்டுத் தயங்கினார்.

"முகம் கொஞ்சம் மங்கலா இருந்தா, பொண்ணு யாருன்னு அப்பாவுக்குத் தெரியாமப் போயிடுமாக்கா?" என்றார் வானதி. மங்களாம்பிகை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உன் இஷ்டப்படியே செய் என்று உள்ளே போய்விட்டார்.

புதன்கிழமையும் அதே பனி. பந்தலுக்குள் அது ஹோமப்புகையோடு கலந்துவிட்டதில், மணமேடையில் இருப்பவர்கள் சற்று மிதப்பது போலிருந்தது. எல்லோருடைய கையிலும் அட்சதை. முன்வரிசையில் போன்கள் உயர்ந்தன. கெட்டிமேளம் கொட்டியது, தாலி ஏறியது, நான்கு பக்கமிருந்தும் அட்சதை பறந்தது. வானதி மட்டும் அசையவில்லை. இடது கை கேமராவில் இருந்தது, வலது கை மூடியபடியே இருந்தது. கண்கள் ஸ்டாண்டில் மாட்டியிருந்த இன்னொரு போனில் இருந்தன. சிங்கப்பூரில் வீரையன் பார்க்கிற படம்தான் அதில் ஓடிக்கொண்டிருந்தது. இங்கே நடப்பது அங்கே போய்ச்சேர இருபது விநாடி பிடிக்குமாம். அதன்படி வீரையனுக்கு இன்னும் மேளம் கொட்டவில்லை.

பந்தலில் மேளம் தணிந்தது. முன்வரிசை பந்திக்கு எழுந்தது. அந்தச் சின்னத் திரையில், மங்கலாக, ஒரு தடங்கலும் இல்லாமல், பிரகதீஸ்வரியின் கழுத்தில் தாலி ஏறியது. வானதி வலது கையை விரித்து, அவ்வளவு நேரம் பிடித்திருந்த அட்சதையை மணமேடைப் பக்கம் தூவினார். தலையில் விழுந்ததை உணர்ந்து மணப்பெண் திரும்பி, நேராகக் கேமராவைப் பார்த்தாள்.