வாசத்துக்கு எத்தனை மார்க்

எங்கள் வீட்டு அடுப்படி மேடையில் நான்கு சாமான்கள் வரிசையாக நிற்கின்றன. மூன்று, காப்பி போடுவதற்கென்றே செய்து விற்கப்படுபவை: ஒன்று பிளாஸ்டிக், ஒன்று கண்ணாடி, ஒன்று பீங்கான். நான்காவது ஒரு பிரிபுனல். ப்ளஸ் டூவில் அறிவியல் படித்தவர்களுக்கு நினைவிருக்கலாம். எண்ணெயையும் தண்ணீரையும் தனித்தனியாகப் பிரிப்பதற்கு, பேரிக்காய் போல வயிறு பருத்து, அடியில் திருகுக் குழாய் வைத்த கண்ணாடிச் சாமான். அதன் கழுத்தில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு. கோட்டைப் போட்டவர் எங்கள் பள்ளிக்கூடத்துக் கெமிஸ்ட்ரி சார். "கோடு போட்டது குடிக்கிறதுக்குய்யா, போடாதது கொல்றதுக்கு. மாத்தி எடுத்துராதீங்க" என்பார். மகளின் நெயில் பாலிஷை எடுத்து வந்ததற்கு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்ட கதையையும் கூடவே சொல்லிச் சிரிப்பார்.

நான் அதே மிஷன் பள்ளியில் தமிழ் நடத்துகிறவன். பதினோரு மணி பெல் அடித்தால் ஆசிரியர் அறைக்குப் பெரிய தூக்கில் டீ வரும். அதைத் தொடாத இரண்டே பேர் நாங்கள். ஆய்வகத்தை ஒட்டி ஒரு சின்ன அறை. கேஸ் சிலிண்டர், ஒரு பர்னர், அலமாரி நிறையப் பாட்டில்கள், இரண்டு ஸ்டூல். பிரிபுனலின் அடிக்கழுத்தில் பஞ்சைத் திணித்து, பெருவெட்டாக அரைத்த காப்பித் தூளைப் போட்டு, கொதி அடங்கின தண்ணீரைச் சிவப்புக் கோடு வரைக்கும் ஊற்றுவார். நாலு நிமிடம். அந்த நாலு நிமிடமும் பேச மாட்டார். ஸ்டாப் கிளாக்கையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு குழாயைத் திருகுவார். கறுப்பாக, கண்ணாடி போலத் தெளிவாக இறங்கும். அது வீட்டு ஃபில்டரில் போடுகிற காப்பியிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று ஒருநாள் கேட்டேன். "ஃபில்டர்ல தண்ணி தூளத் தாண்டிப் போகுதுய்யா. இதுல தூளோட உக்காந்து பேசிட்டுப் போகுது" என்றார். தமிழாசிரியன் நான். இப்படியொரு வாக்கியம் எனக்கு வாய்த்ததில்லை.

ஒருநாள் பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் அவருக்கு ஒரு பிளாஸ்டிக் வடிப்பானை அனுப்பி வைத்தாள். உள்ளே காகிதம் போட்டு, தூளும் தண்ணீரும் சேர்த்து ஊற வைக்க வேண்டும். கப்பின் மேல் தூக்கி வைத்தால்தான் அடியிலுள்ள மூடி திறக்கும். சார் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அடப்பாவிகளா, இது நம்ம பிரிபுனல்தான!" என்றார். தன்னுடையதை யாரோ திருடி விற்கிறார்கள் என்கிற கோபமும், தன் யோசனைக்கு உலகம் தலையாட்டிவிட்டது என்கிற பூரிப்பும் சரிபாதியாக அந்தக் குரலில் இருந்தன. அதற்கப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை. அடியில் எஃகுக் குண்டு வைத்து, நெம்பினால் குண்டு விலகி வழிவிடும் கண்ணாடி வடிப்பான் வந்தது. பக்கவாட்டில் திருகு வைத்த பீங்கான் வந்தது. அவர் வீட்டில் எல்லோரும் டீக்காரர்கள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும், வேதாகமம் வைத்த அதே பையில் வடிப்பான்களையும் வைத்துக்கொண்டு காளவாசலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். நாளடைவில் அவை எங்கள் மேடையிலேயே தங்கிவிட்டன.

காப்பி அரைக்கிற கடைக்காரர் எங்களைக் கண்டாலே மெஷினை நிறுத்திவிடுவார். "அண்ணே, இம்புட்டுப் பெருசா அரைச்சா டிகாஷன் எறங்காதுண்ணே. நாளைக்கு வந்து என்னயத்தான் வைவீங்க." சார் விடமாட்டார்: "ரவை பதத்துக்கு அரைங்க. எறங்கலேன்னா என்னைய வைங்க." வீட்டில் என் மனைவி வேறு. மேடை முழுக்கப் பரப்பியிருப்பதைப் பார்த்து, "ரெண்டு பேரு குடிக்கிற காப்பிக்கு மூணு சாமானா? அதுவும் பால் இல்லாம. காப்பியா இது, கஷாயமா?" என்பாள். "தங்கச்சி, பால் ஊத்துனா எல்லாம் பாஸாயிரும்மா. நாங்க ஃபெயில் பண்ணப் பாக்குறோம்" என்பார் சார்.

நாங்கள் வாத்தியார்கள். சும்மா குடித்துவிட்டுப் போகத் தெரியாது. பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாமில் பதிவெண்ணை மறைத்து டம்மி நம்பர் போடுவார்களே, அதையே இங்கும் கொண்டுவந்தோம். ஒருவர் போட்டு, கப்பின் அடியில் எண்ணை ஒட்டிக் கொண்டுவந்து வைக்க வேண்டும். எது எந்த வடிப்பானில் போட்டது என்று மற்றவருக்குத் தெரியாது. பத்துக்கு மார்க், அரை மார்க் உண்டு, எதிரே ஒரு வரி குறிப்பு. எல்லாம் சிவப்பு மையில், பழைய ரெக்கார்டு நோட்டில். பிளாஸ்டிக் பார்வைக்குத்தான் மட்டம். சூட்டைக் கடைசிவரை கைவிடாது. கண்ணாடி அழகி, ஆனால் சூடு தங்காது, புளிப்பு முன்னால் வந்து நிற்கும். பீங்கானை வெந்நீரில் முதலிலேயே குளிப்பாட்டாவிட்டால் காப்பியின் சூட்டைத் தான் குடித்துக்கொள்ளும். இதையெல்லாம் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு வருடம் ஆயிற்று. ஒரு ஞாயிறுகூட எங்கள் மார்க் ஒத்துப்போனதில்லை. நான் ஏழு போட்டால் அவர் நாலு போடுவார். "நீங்க இரக்கப்பட்டுத் திருத்துற ஆளுய்யா. கையெழுத்துக்கு மார்க் போடுறீங்க" என்பார்.

ஆடியில் ஒரு காய்ச்சல் ஊரெல்லாம் சுற்றியது. சார் பத்து நாள் படுத்தார். எழுந்து வந்தபின் ஒரு புது வழக்கத்தைக் கொண்டுவந்தார். நான் முதலில் குடிக்க வேண்டும், அவர் பிறகு குடிப்பார். "முகாம்ல அசிஸ்டன்ட் திருத்துனதுக்கு அப்புறந்தான சீஃப் பாக்கணும்? நீங்க அசிஸ்டன்ட்டு." அதிலிருந்து எங்கள் மார்க்குகள் நெருங்கத் தொடங்கின. ஆறுக்கு ஆறரை, எட்டுக்கு எட்டு. என் நாக்கு பழுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். கர்வப்பட்டு மனைவியிடம்கூடச் சொன்னேன். நான் ஒரு வாய் குடித்து நிமிரும்போதெல்லாம் அவர் கப்பைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு உறைக்கவில்லை.

புரட்டாசியில் ஒரு ஞாயிறு. மூன்று கப்புகளை அவர் முன்னால் வைத்த நேரம் கார்ப்பரேஷன் தண்ணீர் வந்துவிட்டது. மனைவி கூப்பிட்ட கூப்பாட்டில், "நீங்க ஆரம்பிங்க சார், வாரேன்" என்று வாளியோடு ஓடினேன். கால் மணி நேரம் கழித்துத் திரும்பினால், அவர் திருத்தி முடித்து மூடிய பேனாவோடு உட்கார்ந்திருந்தார். என் பங்கை எடுத்துக் குடித்தேன். முதல் இரண்டும் சரி. பீங்கானில் போட்ட மூன்றாவதை வாயருகே கொண்டுபோனதுமே தெரிந்துவிட்டது: அது காப்பியே இல்லை. மனைவி தன் ஃபில்டருக்குக் கலக்க வைத்திருந்த சிக்கரித் தூள். அதே மாதிரி டப்பா. அவசரத்தில் மாற்றி எடுத்திருக்கிறேன். நிறம் இருக்கிறது, கசப்பு இருக்கிறது, காப்பி வாசம் மருந்துக்கும் இல்லை. நோட்டைப் பார்த்தேன். மூன்றாவது கப்: எட்டரை. எதிரே அவருடைய முத்து முத்தான எழுத்தில், 'மணம் முழுமையாக வந்துள்ளது.' நானும் எட்டு போட்டு வைத்தேன்.

மறுநாள் பதினோரு மணிக்கு அந்தச் சின்ன அறையின் கதவைத் தள்ளினேன். கேஸ் வாடை முகத்தில் அறைந்தது. சார் பர்னரின் முன்னால் லைட்டரை நீட்டியபடி, "வாங்கய்யா, இப்பத்தான் தண்ணி வைக்கப் போறேன்" என்று சிரித்தார். பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். ரப்பர் குழாய் பர்னரிலிருந்து பாதி கழன்றிருந்தது. சிலிண்டரை மூடி, ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டு வந்து பார்த்தபோது, அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வெளியே அடுத்த பீரியட் ப்ராக்டிகலுக்குப் பிள்ளைகள் ரெக்கார்டு நோட்டோடு கூடத் தொடங்கியிருந்தார்கள். சார் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"வாடை வந்துச்சா?"

"எம்புட்டு நாளா சார் இப்பிடி?"

"ஆடிக் காய்ச்சல்ல போனது. வந்துரும் வந்துரும்னு இருந்தேன்."

அப்போது நான் ஒரு வாக்கியம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டியதில்லை. பயம் இன்னும் இறங்கவில்லை, அது வாய்க்கு வந்துவிட்டது. "நேத்து நீங்க எட்டரை போட்டது காப்பியே இல்ல சார். சிக்கரி."

அவர் முகம் மூடிக்கொண்டதைப் பார்த்தேன். "ஒரு வருசந்தான்யா இருக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு. மூக்கில்லாத கெமிஸ்ட்ரி வாத்தியாருன்னு பேரு வாங்கிட்டா போகணும்?" என்றார். வெளியே பிள்ளைகளின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. "ஹெச்.எம்.ட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?" என்றேன். எழுந்து போய், பிள்ளைகளை வகுப்புக்குத் திருப்பி அனுப்பினார்.

அன்று மாலையே அவராகப் போய்ச் சொல்லிவிட்டார். ஆய்வகம் முழுவதும் இளைய ஆசிரியை ஒருவருக்குப் போயிற்று. சார் பாடம் மட்டும் நடத்தினார். காரணம் எங்கள் மூன்று பேரைத் தாண்டவில்லை. ஆசிரியர் அறை சும்மா இருக்குமா? "கெமிஸ்ட்ரி சார் இனிமே சாக்பீஸ மட்டுந்தான் கரைப்பாராம்ல மாப்ள" என்று பி.டி. சார் பக்கத்திலிருப்பவரிடம் சொல்ல, அறையே சிரித்தது. கெமிஸ்ட்ரி சாரும் சேர்ந்து சிரித்தார். நான் கட்டுரை நோட்டில் இல்லாத பிழையைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. பதினோரு மணிக்குத் தூக்கு டீயை வாங்கிக் குடிக்கப் பழகிக்கொண்டார்.

ஞாயிறுகள் வெறுமையாகப் போயின. "அந்தச் சார் ஏன் வர மாட்டேங்குறாரு? நீங்க ஏதாச்சும் சொன்னீகளா?" என்றாள் மனைவி.

"சொன்னேன்."

"என்னத்தச் சொன்னீக?"

"உள்ளதத்தான்."

"அதான பாத்தேன்" என்று உள்ளே போய்விட்டாள்.

ஆறாவது ஞாயிறு, வாசலில் செருப்பு விடும் சத்தம். "இருக்கீங்களாய்யா?" நான் எழுவதற்குள் அடுப்படி வரைக்கும் வந்துவிட்டார். "தங்கச்சி, மொதல்ல அந்தச் சிக்கரி டப்பாவத் தூக்கி உள்ள வைம்மா. ஒம் புருசன நம்ப முடியாது." மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குத்தான் கண் எரிந்தது. சார் நோட்டைப் பிரித்து, பேனாவைத் திறந்தார். "இனிமே நீங்க குடிங்க. வாசம் எப்பிடி இருக்குன்னு வாயால சொல்லுங்க. நான் அதுக்கு மார்க் போடுறேன்."

இருபத்தைந்து வருடமாக உவமை நடத்துகிறேன். ஒரு கப் காப்பி என்னைத் திணறடித்துவிட்டது. "மண் வாசம் மாதிரி" என்றேன். "எந்த மண்ணு? வைகை மணலா, செவக்காட்டு மண்ணா? மழைக்கு முந்தியா பிந்தியா? ரெண்டு மார்க்." அடுத்த வாரம், சோழவந்தான் வெற்றிலைக் கட்டைப் பிரிக்கும்போது உள்ளேயிருந்து எழும் ஈரம், அதன் ஓரம் லேசாகக் கருகினாற்போல என்றேன். கண்ணை மூடி யோசித்துவிட்டு, "பரவால்ல, அஞ்சு" என்றார். கண்ணாடி வடிப்பானுக்கு, ஆரஞ்சுத் தோலை நகத்தால் கீறினால் தெறிக்கும் வாசம், அடியில் வறுத்த கடலைத் தோல். ஏழு. பிளாஸ்டிக்குக்கு, நோட்டுக்கு அட்டை போடும் பழுப்புக் காகிதம் வெயிலில் கிடந்த வாசம். ஆறரை. வார்த்தையைத் தேடித் தேடி மோந்ததில், அதுவரை நான் குடித்த காப்பியையெல்லாம் பாதி மூக்கோடுதான் குடித்திருக்கிறேன் என்று தெரிந்தது.

ஓய்வு பெற்ற மறுவாரம் பிரிபுனலோடு வந்தார். பள்ளி அவருக்கே கொடுத்துவிட்டது. பஞ்சைத் திணித்து அவரே போட்டார், அவரே குழாயைத் திருகினார். நான் மோந்துகொண்டே இருந்தேன். உவமை எதுவும் வரவில்லை. கடைசியில், "சார், பதினோரு மணி பெல்லு அடிச்சதும் ஒங்க ரூம் கதவத் தள்ளுனா வருமே. கொஞ்சம் அமோனியா, ஈரப் பஞ்சு, அணைஞ்ச தீக்குச்சி, இதுக்கெல்லாம் மேல காப்பி. அதான் சார் இது" என்றேன். அவர் நோட்டை இழுத்துக்கொண்டார். பக்கத்துப் பையன் பார்த்து எழுதிவிடுவான் என்பதுபோலக் கையை வளைத்து மறைத்துக்கொண்டு எழுதினார்.

"எம்புட்டு சார்?"

"ரிசல்ட்டு வரும்போது பாத்துக்கங்க."

போன மாசியில், காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். நாற்பதாம் நாள் பிரார்த்தனைக்குப் போனபோது அவர் மனைவி ஒரு பையைக் கொடுத்தார். "இதுல ஒங்க பேரு எழுதி வச்சிருந்தாருண்ணே." பிரிபுனலும் நோட்டும். பிரித்துப் பார்த்தேன். ஆடிக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துப் போட்ட மார்க் அத்தனையையும் குறுக்கே அடித்து, 'செல்லாது' என்று எழுதியிருந்தார். சிக்கரியின் எட்டரையும் அதில் ஒன்று. அதற்கப்புறம் பக்கம் பக்கமாக நான் சொன்ன வாசங்கள், ஒரு சொல் பிசகாமல். கடைசிப் பக்கத்தில் பிரிபுனல். மார்க் கட்டம் காலி. குறிப்பில் ஒரே சொல்: 'வந்தது.' எனக்காக எழுதினாரா, நிஜமாகவே ஒரு கணம் வந்துவிட்டுப் போனதா? இல்லாததை எழுதியதைத் தன் கையாலேயே அடித்தவர் அவர். இதை அடிக்கவில்லை.

இன்று ஞாயிறு. மூன்று வடிப்பான்களையும் தள்ளி வைத்துவிட்டுப் பிரிபுனலில் போட்டிருக்கிறேன். சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது தண்ணீர். நாலு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டுக் குழாயைத் திருகுகிறேன். தெளிவாகத்தான் இறங்குகிறது. அமோனியா இல்லை, தீக்குச்சி இல்லை. நல்ல காப்பி, அவ்வளவுதான். நோட்டில் புதிய வரி போட்டுச் சிவப்புப் பேனாவைத் திறக்கிறேன். என்ன குறைகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தே எட்டரை போடுகிறேன்.