நாங்க பாத்துக்கறோம்

கரும்பலகைக்கு மேலே இருந்த ஆணியில் அந்தக் காகிதத்தை மாட்டியபோது அது மடிப்பு மடிப்பாகப் பிரிந்து தரைவரை இறங்கியது. இரண்டு ஓரங்களிலும் வரிசையாகத் துளைகள், நடுவில் வெளிர்பச்சைக் கோடுகள், கோடுகளின் மேல் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் பயிர்களின் பெயர்கள். தர்மபுரி மாவட்டத்தில் எது ஏக்கருக்கு எத்தனை டன் விளைகிறது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு அனுப்பியிருந்தது. அன்று காலையில்தான் பெங்களூர் பேருந்தில் வந்து சேர்ந்திருந்தது. சென்னையிலிருந்து வந்திருந்த பல்கலைக்கழகக் குழு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது. எங்கள் கணிதத் துறைத் தலைவர் நீளக் குச்சியை எடுத்து, கம்பு என்ற வரியைத் தொட்டு, எண்ணைப் படிக்க வாயைத் திறந்தார். அங்கே சுழியம் இருந்தது. அந்தச் சுழியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு குளிர்கிறது. நல்ல குணமில்லை என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. தர்மபுரிக் கல்லூரி ஒன்றில் நான் தற்காலிக விரிவுரையாளர். ஒவ்வொரு கல்வியாண்டு முடிவிலும் வேலை போய்விடும், ஜூனில் துறைத்தலைவர் மனம் வைத்தால் திரும்பக் கிடைக்கும். அந்த மனத்தை வைக்க அவர் எடுத்துக்கொள்ளும் நேரம் இருக்கிறதே, அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். அப்போது அண்ணன் வீட்டில் ஒட்டிக்கொண்டிருந்தேன். அண்ணி கெட்டவர் இல்லை, ஆனால் நான் இரண்டாவது முறை சோறு போட்டுக்கொள்ளும்போது தட்டைப் பார்ப்பார். வேலை நிரந்தரமானால் தனியாக ஓர் அறை எடுத்துக்கொண்டு போய்விடலாம். இரவில் கண்ணை மூடினால் எனக்கு வந்த கனவு அது ஒன்றுதான், நான்கு சுவரும் ஒரு பூட்டும்.

அதற்கு வழி ஒன்று கிடைத்தது. கோடை விடுமுறையில் பெங்களூரில் நடந்த பயிற்சிக்குத் துறையிலிருந்து ஒருவரை அனுப்ப வேண்டியிருந்தது. வெயிலில் அலைய யாரும் தயாராக இல்லாததால், ஜூனில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லி என்னை அனுப்பினார்கள். அங்கேதான் முதன்முதலாகக் கம்ப்யூட்டரைப் பார்த்தேன், ஃபோர்ட்ரான் என்ற கம்ப்யூட்டர் மொழியைப் படித்தேன். திரும்பி வந்ததும் மாணவர்களுக்காக ஒரு பாடத்திட்டம் எழுதினேன். இன்றைக்கு மென்பொருள் பொறியியல் என்று பெரிதாகச் சொல்கிறார்கள். எங்களுக்கு அது வெறும் கம்ப்யூட்டர் கோர்ஸ், அதுவும் கம்ப்யூட்டர் இல்லாத கோர்ஸ். இங்கே தாளில் எழுதி, பேருந்தில் பெங்களூருக்கு அனுப்பி, அங்கே அட்டையில் துளை போட்டு ஓட்டி, ஒரு வாரம் கழித்து விடை வரும். ஒரு காற்புள்ளி தவறினாலும் வாரம் வீண். அதனால்தான் தனி ஆளாக யாரும் எழுதக்கூடாது, நான்கு பேர் ஒரு குழு என்று வைத்தேன். ஒருவர் கணக்கைப் பிரித்துத் தருவார், ஒருவர் எழுதுவார், ஒருவர் தாளை அனுப்புவதற்கு முன் கையாலேயே கணக்குப் போட்டுச் சரிபார்ப்பார், ஒருவர் எல்லாவற்றுக்கும் விளக்கம் எழுதி வைப்பார். குழுவுக்கு ஒரே மதிப்பெண். கடைசியாக ஒரு விதியும் சேர்த்திருந்தேன், குழுவுக்குக் கிடைக்கும் மதிப்பெண்தான் குழுவை நடத்தும் ஆசிரியருக்கும் என்று. அந்த விதியை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

துறைத்தலைவர் திட்டத்தை வாங்கிப் படித்தார். மிக நன்றாக இருப்பதாகச் சொன்னார். பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டால் இதை நடத்துவதற்கென்றே ஒரு நிரந்தரப் பதவி வரும் என்றும் அவரே சொன்னார். அன்று மாலை அண்ணன் வீட்டுக்கு மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு போனேன் என்றால் என் அறியாமையை நீங்கள் அளந்துகொள்ளலாம். ஒப்புதல் வந்தபோது திட்டத்தின் முதல் பக்கத்தில் அவர் பெயர் மட்டும் இருந்தது. வகுத்தவரும் அவர், நடத்துபவரும் அவர். ஆசிரியருக்கும் மதிப்பெண் என்ற விதியைக் காணவில்லை. நேராகப் போய் என் பெயர் எங்கே என்று கேட்டேன். அவர் கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால்கூட மன்னித்திருப்பேனோ என்னவோ. வெற்றிலையை மடித்தபடி சிரித்துக்கொண்டே சொன்னார்.

“அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்மா. நீங்க கிளாஸ் எடுங்க, போதும்.”

அந்த ‘நாங்க’வுக்குள் அவரைத் தவிர வேறு யாரும் இல்லை. ஒரு மனிதர் தன்னை மட்டும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொள்ள இப்படி ஒரு சொல் நம் மொழியில் இருப்பதை அன்றுதான் கவனித்தேன். அதற்குப் பிறகு ஆண்டு முழுக்க அதையே கேட்டேன். நாங்க முடிவு பண்ணிட்டோம், நாங்க மேல பேசிட்டோம், நாங்க பாத்துக்கறோம். வகுப்பெடுத்தது நான். தாளைக் கட்டிப் பேருந்து நடத்துநரிடம் கெஞ்சிக் கொடுத்தனுப்பியது நான். பெங்களூர்க்காரர்கள் கன்னடத்தில் திட்டியதை எல்லாம் வாங்கிக்கொண்டது நான். ஆனாலும் அந்தப் பிள்ளைகளை எனக்குப் பிடித்திருந்தது. டவுனில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாய் ஒருவரின் மகன் வெகு வேகமாக எழுதுவான். அவன் எழுதியதை மாரண்டஹள்ளியிலிருந்து வரும் பெண் ஒருத்தி, வீட்டில் தெலுங்கு பேசுகிறவள், வரி வரியாகச் சரிபார்ப்பாள். அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு பிழையும் பெங்களூர் போனதில்லை. எனவே அந்த வேலையைத்தான் துறைத்தலைவர் முதலில் ஒழித்தார். சரிபார்ப்பதற்கென்று தனியாக ஓர் ஆள் எதற்கு, மூன்று பேர் போதும், அப்படிச் செய்தால் குழுக்களின் எண்ணிக்கை கூடும், பார்க்கிறவர்களுக்கு நிறைவாக இருக்கும் என்றார்.

அடுத்தது தமிழ். பல்கலைக்கழகக் குழு பார்வையிட வரும்போது கோர்ஸில் தமிழ் மணக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. மாவட்டத்தின் பயிர்க் கணக்கைப் போடச் சொல்லி, பயிர்களின் பெயரை அப்படியே ஆங்கில எழுத்தில் வைக்கச் சொன்னார். RAGI, SAMAI, KAMBU, NEL, MANGA. இதில் ஒரு சங்கடம் இருந்தது. ஃபோர்ட்ரானில் ஒரு பெயர் I முதல் N வரையுள்ள ஆங்கில எழுத்துகளில் தொடங்கினால் அது முழு எண்ணாகிவிடும், பின்னத்தைத் தூக்கி எறிந்துவிடும். ராகிக்கும் சாமைக்கும் ஆபத்தில்லை. கம்பு, நெல், மாங்காய் மூன்றும் மாட்டிக்கொள்ளும். ஓர் ஏக்கருக்கு அரை டன்கூடத் தேறாத கம்பில் பின்னம் போனால் மிச்சம் ஒன்றுமில்லை. நெல்லுக்கு PADDY என்று வெள்ளைக்காரன் பெயர் வைத்தால் வராத பிழை, நம் ஊர்ப் பயிருக்கு நம் ஊர்க்காரர் பெயர் வைத்ததால் வந்த பிழை. ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் முன்னால் அவரிடம் சொன்னேன். பெயருக்கு முன்னால் ஓர் எக்ஸ் சேர்த்துவிட்டால் போதும் என்றும் சொன்னேன்.

“கம்புக்கு முன்னால எக்ஸ் போட்டா அது கம்பாம்மா?” என்று கேட்டு மற்றவர்களைப் பார்த்தார். அவர்களும் சிரித்தார்கள். நான் அங்கேயே நின்றேன். “தமிழ நாங்க பாத்துக்கறோம்” என்றார்.

மாரண்டஹள்ளிப் பெண்ணும் தானாகப் போய் அவரிடம் சொல்லியிருக்கிறாள். அதிகப்பிரசங்கித்தனம் என்று திட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். அதற்கு மேல் நானும் விட்டுவிட்டேன். அவர் கையெழுத்துப் போட்ட தாள் அவர் சொன்னபடியே பெங்களூர் போயிற்று.

இப்போது அந்தச் சுழியத்துக்கு வருகிறேன். குச்சி கம்பின் மேலேயே நின்றது. குழுவில் வயதான பேராசிரியர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, வரும் வழியெல்லாம் கம்பங்கொல்லையைப் பார்த்துக்கொண்டு வந்தோமே, அது என்ன பயிர் என்று விசாரித்தார். நெல்லைப் பார்த்தார், மாங்காயைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். துறைத்தலைவரின் கழுத்தில் வியர்வை இறங்கிச் சட்டைக் காலர் நனைவதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

“எங்கம்மா தப்பு பண்ணினோம் நாம?”

நாம! அந்த ஆண்டு முழுவதும் என் காதில் விழாத சொல். கதவு திறந்துவிட்டது, உள்ளே வரலாம் என்கிறார், வீடு பற்றி எரியும்போது. அந்த ஒரு கணத்தில் நான் அவரைக் காப்பாற்றியிருக்கலாம். பெங்களூரில் அட்டை மாறிவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லோரும் சிரித்துவிட்டுக் காப்பி குடிக்கப் போயிருப்பார்கள். ஜூனில் எனக்கு வேலையும் கிடைத்திருக்கும். அவர் கண் அதைத்தான் கேட்டது. எனக்கும் அது புரிந்தது. என் நாக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

“நாம இல்லீங்க சார். நீங்க” என்றேன்.

பிறகு பேராசிரியரிடம் பிழை எங்கே என்று விளக்கினேன். முன்பே சொன்னதையும், சரிபார்க்கும் ஆள் ஒழிக்கப்பட்டதையும் சொன்னேன். இந்தப் பாடத்தை எழுதியது நான் என்று சொன்னேன். அதில் குழுவுக்குக் கிடைக்கும் மதிப்பெண்ணே ஆசிரியருக்கும் என்று ஒரு விதி இருந்ததையும், அதை இவர் எடுத்துவிட்டதையும் சொன்னேன். பிள்ளைகளுக்கு மறுபடி ஓட்ட ஒரு வாய்ப்புக் கொடுங்கள், இப்போது வந்த மதிப்பெண்ணை இவருக்கு மட்டும் போடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். ஜவுளிக்கடைக்காரர் மகன் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டான். மாரண்டஹள்ளிப் பெண் மட்டும் துறைத்தலைவரை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணைக்கூட இமைக்காமல்.

பிள்ளைகள் எக்ஸ் போட்டு மறுபடி அனுப்பினார்கள், கம்பு விளைந்தது, எல்லோரும் தேறினார்கள். பாடத்தை நடத்தியவரைப் பற்றிப் பல்கலைக்கழகக் குழு எழுதிய குறிப்பு கல்லூரியில் எல்லோர் வாயிலும் அடிபட்டது. அதற்குப் பிறகு முதல்வர் நாற்காலி அவர் கைக்கு எட்டவே இல்லை. குறிப்புதான் காரணமா என்று எனக்குத் தெரியாது, ஆனால் அப்படித்தான் நம்பிவருகிறேன். ஜூனில் எனக்கு வேலை வரவில்லை. கோர்ஸையும் மூடிவிட்டார்கள். அண்ணன் வீட்டில் மேலும் சில ஆண்டுகள் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன். பிறகு கம்பைநல்லூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சரானேன், ஓய்வு பெறும்வரை அங்கேயேதான். ஒரு கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் நின்று வகுப்பெடுக்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. அழுதிருக்கிறேன். ஆனால் அந்த ‘நீங்க’வைச் சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று ஒருநாளும் அழுததில்லை. மறுபடி அந்த இடத்தில் நிறுத்தினால் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வேன்.

சென்ற மாதம் ஜவுளிக்கடைக்காரர் மகன் தொலைபேசியில் கூப்பிட்டான். அவனுக்கே இப்போது பேரப்பிள்ளைகள். கல்லூரிக்கு நினைவு மலர் ஒன்று போடுகிறார்களாம், அவன்தான் பொறுப்பாம். துறைத்தலைவர் தவறிப்போனதைச் சொன்னான். மலரில் அவரைப் பற்றி நான் ஒரு பக்கம் எழுத வேண்டுமாம், மாவட்டத்தின் முதல் கம்ப்யூட்டர் கோர்ஸை அவரும் நானும் சேர்ந்து தொடங்கியதாக ஊரெல்லாம் பேச்சாம். யார் பேச்சு என்று கேட்டேன். கடைசிக் காலத்தில் அவரே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாராம். எனக்கு எழுத முடியாது, கை நடுங்குகிறது என்று பொய் சொன்னேன். அப்படியென்றால் தானே எழுதி என் பெயரில் போட்டுக்கொள்வதாகச் சொல்லி, எழுதி வைத்திருந்ததையும் படித்துக் காட்டினான். நன்றாகத்தான் எழுதியிருந்தான். ‘அன்னாரை இழந்து நாம் வாடுகிறோம்’ என்று முடித்திருந்தான்.

“என் பேர் வேண்டாம்ப்பா, உங்க பேர்லயே போட்டுக்கங்க” என்றேன். “கடைசி வரியில ஒரு சொல்லை மட்டும் மாத்திடுங்க. ‘நாம்’ வேண்டாம். ‘நாங்கள்’னு போடுங்க.”

எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

“அப்படிப் போட்டா அதுல நீங்க வர மாட்டீங்களே, மேடம்” என்றான்.

“ஆமாம்ப்பா” என்றேன்.